ஆஸ்துமா: வேலியே பயிரை மேய்கிற கதை!

'குழந்தைக்கு எதிர்ப்பு சக்தி கம்மி. அதான் அடிக்கடி வீசிங் வருது!'

இந்த வசனத்தைக் கேட்காத குடும்பம் நம் ஊரில் உண்டா? பக்கத்து வீட்டு மாமி சொல்வார். ஊரிலிருந்து வந்த பெரியப்பா சொல்வார். ஸ்கூல் வாசலில் காத்திருக்கும் அம்மாக்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அடுத்து என்ன நடக்கும்? 'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' டானிக் ஒன்று வீட்டுக்கு வரும். கொரோனாவுக்குப் பிறகு இந்த வியாபாரம் இன்னும் ஜோர்! பொடி, லேகியம், சிரப், மிட்டாய் என்று எத்தனையோ ரூபத்தில் எதிர்ப்பு சக்தி விற்கப்படுகிறது.

இந்த வசனம் பாதி சரியாக இருந்தால்கூட விட்டுவிடலாம். ஆனால், அது தலைகீழ்! அலர்ஜியோடு வருகிற ஆஸ்துமாவில் எதிர்ப்பு சக்திக்கு ஒரு குறையும் இல்லை. தேவையே இல்லாத இடத்தில் அது வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்குப் போகிறது என்பதுதான் பிரச்னை. வேலியே பயிரை மேய்கிறது என்பார்களே, அந்தக் கதை. மேய்கிற வேலிக்கு டானிக் வாங்கி ஊற்றுகிறோம் நாம்!

'வார்த்தையில் என்ன சார் இருக்கு?' என்று நீங்கள் கேட்கலாம். நிறைய இருக்கிறது. வியாதியைப் பற்றி வீட்டில் என்ன நம்புகிறோமோ, அதைப் பொறுத்துத்தான் எந்த மருந்தைத் தொடர்கிறோம், எதை நிறுத்துகிறோம் என்பது முடிவாகிறது. ஆஸ்துமாவில் தவறான மருந்தை நிறுத்தினால், உயிருக்கே ஆபத்து. உலக நோய்ச் சுமை ஆய்வின் 2019-ம் வருடக் கணக்குப்படி, இந்தியாவில் 3 கோடிக்கும் அதிகமானவர்களுக்கு ஆஸ்துமா. உலக ஆஸ்துமா நோயாளிகளில் இது சுமார் 13 சதவிகிதம். ஆனால், உலகில் ஆஸ்துமாவால் இறப்பவர்களில் 40 சதவிகிதத்துக்கும் அதிகமானவர்கள் நம் நாட்டவர்! நோயாளிகளில் எட்டில் ஒரு பங்கு, மரணத்தில் பாதியை நெருங்கும் பங்கு. இந்தக் கணக்கு உறுத்த வேண்டாமா?

உள்ளே என்னதான் நடக்கிறது?

மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் குடியிருக்கின்றன. அவற்றின் கழிவில் இருக்கும் ஒரு புரதம் மூச்சுக்குழாய்க்குள் போகிறது. பெரும்பாலானவர்களுக்கு அது வெறும் தூசி. உடம்பு கண்டுகொள்ளாது. ஆஸ்துமாக்காரரின் உடம்பிலோ கதை வேறு.

மூச்சுக்குழாயின் உள்சுவரில் 'டென்ட்ரிட்டிக் செல்' என்கிற வேவுக்காரர்கள் இருக்கிறார்கள். உள்ளே வந்த தூசியில் ஒரு துணுக்கைப் பிடித்து, பக்கத்தில் உள்ள நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோய், அங்கிருக்கும் 'டி செல்'களிடம் காட்டுகிறார்கள். டி செல் என்பது வெள்ளை அணுக்களில் ஒரு வகை. எதிர்ப்புப் படையின் தளபதி என்று வைத்துக்கொள்ளுங்களேன். தளபதிகள் எல்லோரும் ஒரே ரகம் இல்லை. கிருமியோடு போராடுவதற்கு ஒரு ரகம். புழுக்களை விரட்டுவதற்கு இன்னொரு ரகம். இந்த இரண்டாவது ரகத்துக்கு 'டிஹெச் 2' என்று பெயர். எலிகளின் அணுக்களை வைத்து இந்தப் பிரிவினையை 1986-ல் டிம் மோஸ்மன், ராபர்ட் காஃப்மன் என்ற இரு விஞ்ஞானிகளின் குழு எடுத்துக் காட்டியது.

தூசியைப் பார்த்துப் புழு என்று எண்ணி டிஹெச் 2 ரகம் கிளம்பிவிடுவதுதான் கோளாறின் தொடக்கம். கிளம்பியதும் அது மூன்று உத்தரவுகள் போடுகிறது.

முதல் உத்தரவு 'பி செல்'களுக்கு: 'ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருளைத் தயார் செய்.' இந்த ஐஜிஇயை 1966-ல் அமெரிக்காவில் அடையாளம் காட்டியவர்கள் ஜப்பானியத் தம்பதியான கிமிஷிகே இஷிசாகாவும் டெருகோ இஷிசாகாவும். இரண்டாவது உத்தரவு எலும்பு மஜ்ஜைக்கு: 'ஈஸினோஃபில் அணுக்களை அனுப்பு.' மூன்றாவது உத்தரவு மூச்சுக்குழாய்க்கே: 'சளியை அதிகமாகச் சுரந்து அடைத்துக்கொள்.'

தயாரான ஐஜிஇ, மூச்சுக்குழாய்ச் சுவரில் உள்ள 'மாஸ்ட் செல்'களின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. மாஸ்ட் செல் என்பது வெடிமருந்து நிரப்பிய பொட்டலம் மாதிரி. ஐஜிஇ அதில் செருகிய திரி. அடுத்த முறை அதே தூசி வந்து பட்டால், சில நிமிஷங்களில் பொட்டலம் வெடித்து, ஹிஸ்டமின், லூக்கோட்ரையீன் போன்ற ரசாயனங்கள் சிதறும். மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும். விசில் சத்தத்தோடு இழுப்பு ஆரம்பம்!

இதோடு முடிந்தால் தேவலை. நாலிலிருந்து எட்டு மணி நேரம் கழித்து இரண்டாம் கட்டம் வருகிறது. அழைப்பு போன ஈஸினோஃபில்கள் கூட்டமாக வந்து சேருகின்றன. புழுவைக் கொல்வதற்காகச் சேர்த்து வைத்த நச்சுப் புரதங்களை, புழுவே இல்லாத மூச்சுக்குழாயின் உள்சுவரில் கொட்டுகின்றன. தோல் வழண்டதுபோல உள்சுவர் புண்ணாகி வீங்குகிறது. புண்பட்ட சுவர் அதற்குப் பிறகு ஊதுபத்திப் புகை, சமையல் தாளிப்பு, குளிர்காற்று, ஜலதோஷ வைரஸ், சிரிப்பு என எதற்கும் சிடுசிடுக்கும். 'நேத்து கல்யாண வீட்டுல நல்லாத்தான் இருந்தான், ராத்திரி ரெண்டு மணிக்கு இழுக்க ஆரம்பிச்சுது' என்று சொல்வார்கள் அல்லவா? இந்த இரண்டாம் கட்டம் அப்படித் தாமதமாக வந்து கதவைத் தட்டுவது உண்டு.

ஆக, ஆஸ்துமாவில் இரண்டு சங்கதிகள். ஒன்று சுருக்கம், தசை இறுகுவது. மற்றது வீக்கம், எதிர்ப்பு அணுக்கள் கூடிச் சுவரைப் புண்ணாக்குவது. சுருக்கம் வரும், போகும். வீக்கமோ, இழுப்பே இல்லாத நாளிலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கலாம். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனசில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான்.

நம் வீட்டு 'ஈஸ்னோஃபீலியா'

'எனக்கு ஈஸ்னோஃபீலியா' என்று சொல்லாத தாத்தா, சித்தப்பா நம் குடும்பங்களில் குறைவு. ஈஸினோஃபில் அணுவின் பெயர் நம் வீடுகளில் ஒரு வியாதியின் பெயராகவே ஆகிவிட்டது. அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

ஈஸின் என்கிற சிவப்புச் சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும் அணு என்பதால், 1879-ல் ஜெர்மனியின் பால் எர்லிஷ் இதற்கு ஈஸினோஃபில் என்று பெயர் வைத்தார். பிறகு 1940-ல், ஆந்திராவில் மதனப்பள்ளிக்கு அருகே உள்ள ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனை டாக்டர்கள் ஃப்ரிமோட் மோலரும் பார்ட்டனும் ஒரு விநோதத்தை எழுதினார்கள். காசநோய் என்று வந்து சேர்ந்த சிலருக்கு எக்ஸ்-ரேயில் நிழல்கள். இருமல், இழுப்பு. ஆனால், சளியில் காசநோய்க் கிருமி இல்லை. ரத்தத்தில் ஈஸினோஃபில் மட்டும் எக்கச்சக்கம்! 1943-ல் வைன்கார்ட்டன் என்ற டாக்டர் இதற்கு 'வெப்பநாட்டு ஈஸினோஃபீலியா' என்று பெயர் சூட்டினார். இது யானைக்கால் நோயைத் தரும் ஃபைலேரியா புழுக்களுக்கு எதிராக உடம்பு காட்டும் அதீத எதிர்ப்பு என்பது பின்னால் தெளிவானது. ஹெட்ரஜான், பனோசைடு என்று நம் வீடுகளில் பழகிப்போன மாத்திரை இதற்குத்தான்.

அங்கே உண்மையிலேயே புழு இருந்தது. ஈஸினோஃபில் தன் கடமையைத்தான் செய்தது. ஆஸ்துமாவில் புழு இல்லாமலே அதே படை புறப்பட்டு வருகிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, ஆஸ்துமாக்காரர் வருடக்கணக்கில் புழு மாத்திரையை விழுங்குவதில் அர்த்தம் இல்லை. வெப்பநாட்டு ஈஸினோஃபீலியாவில் ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் ஈஸினோஃபில் 3,000-ஐத் தாண்டும். ஆஸ்துமாவில் வழக்கமாக அவ்வளவு ஏறாது. நார்மலாகவே இருப்பதும் உண்டு. அதனால், 'பிளட் டெஸ்ட்ல ஈஸ்னோஃபில் சரியா இருக்கு, அப்ப ஆஸ்துமா இல்லை' என்று நிம்மதிப் பெருமூச்சு விடவும் முடியாது. ஊதிப் பார்க்கிற ஸ்பைரோமெட்ரி பரிசோதனை வேண்டும்.

பெயர் மாற்றம் இதோடு நிற்பதில்லை. 'வீசிங்தான், ஆஸ்துமா இல்லை', 'அலர்ஜிக் பிராங்கைட்டிஸ்', 'பிரைமரி காம்ப்ளெக்ஸ்' என்று எத்தனையோ முகமூடிகள். ஆஸ்துமா என்ற சொல்லைக் கேட்டால் பெற்றோர் பயப்படுகிறார்கள் என்று டாக்டர் தயங்குகிறார். பெண் குழந்தை என்றால், 'நாளைக்கு கல்யாணம் காட்சின்னு வரும்போது...' என்று வீடே வாயை மூடிக்கொள்கிறது. கல்யாணமான பெண் மாமியார் வீட்டில் இன்ஹேலரைப் புடவைக்கு அடியில் ஒளித்துவைத்து, பாத்ரூமுக்குள் போய் உறிஞ்சுகிறாள். பெயரை மறைத்தால் மருந்தும் மறைகிறது. மறைத்து எடுக்கிற மருந்தை ஒழுங்காக எடுக்க முடியுமா?

நீலக் குப்பியின் மாயம்

இப்போது மருந்துக்கு வருவோம். சுருக்கத்தை விடுவிக்க ஒரு மருந்து: சால்பூட்டமால் அல்லது லெவோசால்பூட்டமால். இழுத்தால் சில நிமிஷங்களில் தசை தளரும். 'அப்பாடா!' என்று இருக்கும். வீக்கத்தை அடக்க இன்னொரு மருந்து: பியூடிசோனைடு, பெக்ளோமெத்தசோன், ஃப்ளூட்டிகசோன் போன்ற இன்ஹேலர் ஸ்டீராய்டுகள். இழுத்தால் உடனே ஒன்றும் தெரியாது. நாள் கணக்கில், வாரக் கணக்கில் எதிர்ப்பு அணுக்களின் கூட்டத்தைக் கலைக்கும்.

மனித மனசு எதை நம்பும்? உடனே பலன் தருவதைத்தான். அதனால், முதல் குப்பி பையிலேயே இருக்கிறது. இரண்டாவது குப்பி அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது. இங்கேதான் விபரீதம். சுருக்கத்தை மட்டும் விடுவித்துக்கொண்டே போனால், நோயாளிக்கு நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். உள்ளே ஈஸினோஃபில் கூட்டம் பெருகிக்கொண்டே இருக்கும். ஒருநாள் மூச்சுக்குழாய் வீங்கி, சளியால் அடைத்துக்கொள்ளும்போது, தசையைத் தளர்த்தும் மருந்தை எத்தனை முறை இழுத்தாலும் பயன் இருக்காது.

இது என் கற்பனை அல்ல. பிரிட்டனில் ஆஸ்துமாவால் நேர்ந்த 195 மரணங்களைத் துருவி ஆராய்ந்து 2014-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மருந்துச் சீட்டுக் கணக்கு கிடைத்த 165 பேரில் 65 பேர், இறப்பதற்கு முந்தைய ஒரு வருடத்தில் 12-க்கும் அதிகமான நிவாரணி இன்ஹேலர்கள் வாங்கியிருந்தார்கள். மாதம் ஒன்றுக்கும் மேல்! இதற்கு எதிர்ப்பக்கம் கனடாவிலிருந்து வந்தது. சஸ்காட்சவன் மாகாண நோயாளிகளை வைத்து 2000-ல் வெளியான ஆய்வில், ஒருவர் வருடத்தில் கூடுதலாக உபயோகித்த ஒவ்வொரு இன்ஹேலர் ஸ்டீராய்டு குப்பிக்கும் ஆஸ்துமா மரண விகிதம் 21 சதவிகிதம் குறைந்திருந்தது.

இப்படிப் பல ஆய்வுகளைப் பார்த்த பிறகுதான், 'ஜினா' என்கிற உலக ஆஸ்துமா வழிகாட்டிக் குழு 2019-ல் ஒரு பெரிய முடிவு எடுத்தது. பெரியவர்களுக்கும் 12 வயதைத் தாண்டியவர்களுக்கும் நிவாரணி மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாது, லேசான ஆஸ்துமாவாக இருந்தாலும் வீக்கத்தை அடக்கும் மருந்து கூடவே இருக்க வேண்டும் என்றது. அரை நூற்றாண்டுப் பழக்கத்தை மாற்றிய முடிவு இது. நம் மெடிக்கல் ஷாப் கவுன்டருக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை. 'நீலக் குப்பி ஒண்ணு குடுங்க' என்றால், சீட்டைக்கூடக் கேட்காமல் எடுத்துத் தருகிறார்கள்.

'ஐயோ, ஸ்டீராய்டா?'

இந்தக் கேள்வி எனக்குக் கேட்கிறது. பயம் நியாயமானதே. ஸ்டீராய்டு மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கி முகம் உப்பி, எலும்பு தேய்ந்து, சர்க்கரை ஏறியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால், கணக்கைப் பாருங்கள். கடும் இழுப்புக்குப் பெரியவர்களுக்குத் தரும் ஸ்டீராய்டு மாத்திரையின் ஒருநாள் அளவு 40 மில்லிகிராம் என்றால், அது 40,000 மைக்ரோகிராம். இன்ஹேலரில் குறைந்த அளவு என்பது ஒருநாளைக்கு 200 மைக்ரோகிராம் வாக்கில். எடையில் 200-ல் ஒரு பங்கு! அதுவும் நேராக மூச்சுக்குழாய்க்கே போகிறது. வேடிக்கை என்னவென்றால், இன்ஹேலரைப் பார்த்துப் பயந்தவர்கள்தான் அடிக்கடி இழுப்பு முற்றி, ஆஸ்பத்திரிக்கு ஓடி, ஊசியாகவும் மாத்திரையாகவும் பெரிய அளவு ஸ்டீராய்டை வாங்கிக்கொள்கிறார்கள்.

பக்கவிளைவே இல்லை என்று சொன்னால் அது பொய். தொண்டை கரகரக்கலாம், வாயில் வெண்படலம் வரலாம். இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். குழந்தைகளின் வளர்த்தி? 5 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு நாலைந்து வருடம் தினசரி பியூடிசோனைடு கொடுத்து, அவர்கள் பெரியவர்களான பிறகு அளந்து பார்த்த அமெரிக்க ஆய்வு 2012-ல் வெளியானது. உயரத்தில் வித்தியாசம் சராசரியாக 1.2 சென்டிமீட்டர். இதை மறைக்கத் தேவையில்லை. ஒரு விரல்கடைக்கும் குறைவான உயரம் ஒரு தட்டில். ராத்திரி தூக்கம், ஸ்கூல், விளையாட்டு, சில நேரம் உயிர் மறு தட்டில். தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பெற்றோரே சொல்லட்டும். குறைந்த அளவிலேயே பெரும்பாலோருக்குக் கட்டுப்படும் என்பதால், எவ்வளவு குறைத்துத் தரலாம் என்று டாக்டரிடம் கேட்பது உங்கள் உரிமை. நீங்களாக நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

ஒரு தேசமே செய்து காட்டியது

ஃபின்லாந்தில் 1994-ல் பத்து வருடத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் அஸ்திவாரம் ஒரே ஒரு எண்ணம்தான்: ஆஸ்துமா வீக்க வியாதி, கண்டுபிடித்த நாளிலிருந்தே வீக்கத்தை அடக்கு. டாக்டர், நர்ஸ், மருந்துக்கடைக்காரர் எல்லோருக்கும் பயிற்சி கொடுத்தார்கள். 1993-ல் ஆஸ்துமாவுக்காக அந்த நாட்டில் ஆஸ்பத்திரியில் கழிந்த நாட்கள் சுமார் 1,10,000. 2003-ல் 51,000. மரணம் 123-லிருந்து 85-ஆகக் குறைந்தது. இத்தனைக்கும் அந்தப் பத்து வருடத்தில் ஆஸ்துமா நோயாளிகள் கூடினார்களே தவிர குறையவில்லை! புது மருந்து எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. இருந்த மருந்தை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நம்மால் முடியாதா?

எல்லாம் இவ்வளவு எளிதா என்றால், இல்லை. எல்லா ஆஸ்துமாவும் அலர்ஜியால் வருவதில்லை. டி செல்லின் உத்தரவு இல்லாமலே ஈஸினோஃபிலை வரவழைக்கும் இன்னொரு வகை அணுக்களை 2010-ல் அடையாளம் கண்டார்கள். அலர்ஜி இல்லாமல் நடுவயதில் ஆரம்பிக்கிற ஆஸ்துமாவுக்கு ஒரு விளக்கம் கிடைத்தது. சிலருக்கு ஈஸினோஃபிலுக்குப் பதில் நியூட்ரோஃபில் என்ற வேறு வெள்ளை அணு கூடுகிறது. அவர்களுக்கு ஸ்டீராய்டு அவ்வளவாகக் கேட்காது. புகைபிடிப்பவர்களிடமும் ஸ்டீராய்டின் வேலை மந்தம்தான்.

எந்த அணு என்று பார்த்து வைத்தியம் செய்வதன் அருமையை ஓர் ஊசி மருந்து உணர்த்தியது. ஈஸினோஃபிலை வளர்க்கும் சமிக்ஞையை மறிக்கும் மெபோலிசுமாப் என்ற மருந்தை முதலில் எல்லா வகை ஆஸ்துமாக்காரர்களுக்கும் போட்டுப் பார்த்தபோது, ரத்தத்தில் ஈஸினோஃபில் குறைந்ததே தவிர நோயாளிக்குச் சுகமில்லை. மருந்து தோற்றது என்றே பலர் எண்ணினார்கள். 2009-ல் சளியில் ஈஸினோஃபில் அதிகமுள்ளவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கொடுத்தார்கள். கடும் இழுப்புகள் கணிசமாகக் குறைந்தன! 2015-ல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. இத்தகைய ஊசிகள் விலை அதிகம். கடுமையான ஆஸ்துமா உள்ள சிறு பகுதியினருக்குத்தான் தேவை. மற்றவர்களுக்குச் சாதாரண இன்ஹேலரே போதும்.

மண்ணில் விளையாடினால் வராதாமே?

இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாய சமூகங்கள். இரண்டுக்கும் பூர்வீகம் ஐரோப்பா, உணவும் பழக்கமும் ஏறக்குறைய ஒன்று. ஆமிஷ் குடும்பங்கள் குதிரை, மாடு வைத்துப் பழைய முறையில் விவசாயம் செய்பவர்கள். ஹட்டரைட்டுகள் பெரிய இயந்திரப் பண்ணைக்காரர்கள். 2016-ல் வெளியான ஆய்வில் ஆமிஷ் பிள்ளைகளில் ஆஸ்துமா 5.2 சதவிகிதம், ஹட்டரைட் பிள்ளைகளில் 21.3 சதவிகிதம்! தொழுவத்துத் தூசி சின்ன வயதிலேயே எதிர்ப்பு அணுக்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறது. 'எதற்குச் சண்டை போடணும், எதை விட்டுவிடணும்' என்கிற பாடம். கவனியுங்கள், அங்கேயும் எதிர்ப்பு சக்தியின் அளவு விஷயமில்லை. அதன் பக்குவம்தான் விஷயம். ஆனால், ஏற்கெனவே ஆஸ்துமா வந்துவிட்ட குழந்தையைத் தூசிக்குள் தள்ளினால் குணமாகும் என்று யாரும் இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ளக் கூடாது!

அப்படியானால் என்ன செய்யலாம்? முதலில் வீட்டில் உள்ள நிவாரணிக் குப்பியை எடுத்து, எப்போது வாங்கியது என்று கணக்குப் போடுங்கள். ஒரு குப்பியில் பொதுவாக 200 முறை இழுக்க மருந்து இருக்கும். வருடத்துக்கு மூன்று குப்பி அல்லது அதற்குமேல் தீர்கிறது என்றால், வீக்கம் அடங்கவில்லை என்று பொருள். டாக்டரைப் பாருங்கள். ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேசி முடிக்க முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, மருந்து இழுத்தும் மூன்று நாலு மணி நேரம்கூடத் தாங்கவில்லை என்றால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. 'ஆஸ்துமா' என்று பெயர் சொல்லியே பேசுங்கள். சீட்டில் எழுதும் நேரத்தில் இரண்டு நிமிஷம் சேர்த்து, எந்தக் குப்பி எதற்கு என்று விளக்குங்கள். அரசாங்கத்துக்கு: வீக்கத்தை அடக்கும் இன்ஹேலர், உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்து. சர்க்கரை, பிரஷர் மாத்திரை மாதிரி அது எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மாதாமாதம் தடையின்றிக் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால், ஏழை வீட்டுப் பிள்ளை நெபுலைசருக்காக நள்ளிரவில் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

உங்களுக்கு ஒரே ஒரு வேலை. அடுத்த முறை யாராவது கையில் ஒரு மருந்தைக் கொடுத்தால், அது டாக்டரோ, கடைக்காரரோ, டானிக் விற்பவரோ, தயங்காமல் கேளுங்கள்: 'இது சுருக்கத்துக்கா, வீக்கத்துக்கா?' இரண்டுக்கும் இல்லை என்றால், காசு உங்கள் பர்ஸிலேயே இருக்கட்டும்!